நாகப்பன் வேன் புரோகிராம்

இங்க வாம்மா. அந்தப் பக்கம் டீக்கடையில நிக்கிற ஆளுங்களைப் போய் ஏன் கேட்டுக்கிட்டு இருக்க? எல்லை தாண்டி தாய்லாந்துக்குப் போற நம்ம ஆளுங்களுக்கு அங்க என்ன பிடிக்குதுன்னு உங்க யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றீங்க, அவ்வளவுதானே? அதை அவங்ககிட்ட கேட்டா அவங்களுக்கு என்ன தெரியும்? வேன் நின்னா இறங்குவாங்க, ஏறச் சொன்னா ஏறுவாங்க. என்னைக் கேளு. பதினெட்டு வருசமா சுங்கைப் பட்டாணியிலேருந்து ஹாட்யாய்க்கு வேன் ஓட்டுறேன். நாகப்பன் வேன்னு கேட்டுப் பாரு, எங்க தாமான் தெருவுல சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

உக்காரு, உக்காரு. இந்தக் கதவைத் திறந்து வைக்கிறேன், காத்து வரும். ஸ்கூல் லீவுன்னா இந்த புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில இப்படித்தான் ஜாம். இமிகிரேசன் கட்டடம் அந்தா தெரியுது பாரு, அதுவரைக்கும் ஊர்ந்துதான் போகணும். என் பாசஞ்சருங்க கால் நீட்டப் போயிருக்காங்க. நீ பசியாறிட்டியா? இல்லையா? இந்தா, ஒரு பொட்டலம் பிரி. புளிசாதம், உருளைக்கிழங்கு, தேங்காய்த் துவையல். எங்க வீட்டுல கட்டினது. கூச்சப்படாத, பொட்டலம் நிறைய மிச்சம் இருக்கு. இன்னிக்கு வேன்ல ஆள் பாதிதான்.

சரி, உன் போன்ல தட்டிக்கோ. முதல் கேள்வி என்ன? எந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எழுது. படுத்த புத்தர். அது முதல்ல. அப்புறம் தேன் கடை, முந்திரி கடை. அப்புறம் பார்க்குல நாலுமுகப் பிரம்மா. சொங்க்லாவுக்குப் போய் கடல்கன்னி சிலைகிட்ட நின்னு ஒரு போட்டோ. ஓட்டல். சாயங்காலம் பசார் கடைத்தெரு. மறுநாள் காலையில துணிக் கடை, அப்புறம் வீடு. இதுதான் நாகப்பன் வேன் புரோகிராம். பதினெட்டு வருசத்துல ஒரு இடம் மாறினதில்ல. பிடிக்கலைன்னா ஆள் வருமா சொல்லு?

தேன் கடையா? ஆமா, கமிசன் குடுப்பான். யாருக்குத்தான் குடுக்கல? அதை எழுதாத. ஆளுங்க உள்ள போனதும் கதவைச் சாத்திட்டு அந்தச் சயாம்காரப் பொண்ணு தமிழ்லயே 'அண்ணா, சக்கரை வியாதி போகும், மூட்டுவலி போகும்'னு சொல்லும். நம்ம ஆளுங்களுக்கு அது ஒரு சந்தோசம். வெளிநாட்டுல ஒருத்தி நம்ம பாசை பேசுறாளேன்னு வாங்கிட்டு வருவாங்க.

சாப்பாடு? இதைப் பெரிய எழுத்துல போடு. வீட்டுச் சாப்பாடு. நம்ம ஆளுங்களுக்கு அங்க சாப்பிடப் பயம். எந்தச் சட்டியில என்ன கிளறினான்னு தெரியாது. அதனால நான் முதல் டிரிப்லேருந்தே பொட்டலம் குடுக்கிறேன். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குப் பூண்டு ஆகாது, எல்லாம் பாத்துப் பாத்துக் கட்டி, பொட்டலத்து மேல பேர் எழுதியிருக்கும். எந்த வேன்காரன் செய்வான்? என் பேரே அதனாலதான் நின்னுச்சு. யார் கட்டுறதா? என் சம்சாரம்தான். வேற யாரு? புஷ்பலீலான்னு பேரு.

சரி, இப்ப நான் சொல்றதைக் கேளு. உன் கேள்வியில இது இருக்கோ இல்லையோ, இதையும் எழுது. எனக்கு வயிறு எரியுது.

குலிம்ல ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தா ஒருத்தி, தனேஸ்வரின்னு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். போன வருசம் ஒரு நீல வேன் வாங்கிட்டு வந்து ஹாட்யாய் டிரிப் அடிக்கிறேன்னு கிளம்பிட்டா. பொம்பளைங்களுக்கு மட்டும்னு போர்டு வேற. ஓட்டட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ரோடு எங்க அப்பன் வீட்டு ரோடு இல்ல. ஆனா அவ என்ன செய்யிறா தெரியுமா? கிளம்புறதுக்கு முன்னாலயே வாட்சப்ல எல்லாரையும் கேட்கிறா. 'அக்கா, உங்களுக்கு என்ன பாக்கணும்? எங்க போகணும்?' இப்படிக் கேட்கலாமா? டாக்டர் நோயாளியைப் பாத்து உனக்கு என்ன மருந்து வேணும்னு கேட்பாரா? போகாத ஊரைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும், கேட்கிறதுக்கு?

எங்க மாரியம்மன் கோயில்ல அன்னதானத்துக்குச் சமைக்கிற பொம்பளைங்க ஒரு கூட்டம் இருக்கு. என் சம்சாரமும் அதுல உண்டு. அவங்க முதல்ல என்கிட்டதான் வந்தாங்க, அதைச் சொல்லணும். கோயில் பின்பக்கம் பாத்திரம் கழுவுற இடத்துல நிக்க வச்சுப் பேசுனாங்க. 'அண்ணே, நாங்க ஒரு வேன் நிறைய வர்றோம். ஆனா எங்களுக்கு புத்தர் வேண்டாம், தேன் வேண்டாம். சொங்க்லா கடலுக்கு நேரா கூட்டிட்டுப் போங்க. மத்தியானத்துலேருந்து இருட்டுற வரைக்கும் அங்கயே இருக்கணும். அவ்வளவுதான்'னாங்க.

நான் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்யிறது? கடல் பாக்கணும்னா மெர்போக் பக்கம் போனா கடல். பாலம் ஏறினா பினாங்கு, சுத்தி எல்லாப் பக்கமும் கடல். இதுக்கு பாஸ்போட் எடுத்து, சாப்பு குத்தி, அடுத்த நாட்டுக்குப் போய்ப் பாக்கணுமா? 'அங்க போய் என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டேன். 'உக்காந்திருப்போம்'னாங்க. உக்காந்திருப்போமாம்! உக்கார்றதுக்குத் தாய்லாந்து. வீட்டுல நாற்காலி இல்லையா?

புரோகிராமை மாத்த முடியாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டேன். என் சம்சாரம் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா, பெரிய அண்டாவைத் தேய்ச்சுக்கிட்டு. நானும் அவ என் பக்கம்னுதான் நெனச்சேன். நீயா இருந்தா என்ன நெனப்ப? கட்டினவ புருசன் பக்கம்தானே?

அப்புறம் அந்த டீசட்டை. ஊதாக் கலர். ஒரு நாள் அவ இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. நம்ம ஆளுங்க கோயில் திருவிழான்னாலே குழுவுக்கு ஒரு கலர்ல டீசட்டை அடிச்சிடுவாங்க, உனக்குத் தெரியும்ல? காவடி எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு, தண்ணிப்பந்தலுக்கு ஒண்ணு. நானும் அன்னதானக் குழுவுக்கு இந்த வருசம் இந்தக் கலரு போலன்னு நெனச்சேன். 'கலர் நல்லா இருக்கே'ன்னு நானே வாயைத் திறந்து சொன்னேன்மா! அவ 'ம்'னா. என்னத்துக்கு 'ம்'? அந்த இடத்துல சொல்லியிருக்கணுமா வேண்டாமா?

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு டிரிப். எந்திரிச்சு வர்றேன், மேசை மேல பொட்டலம் எல்லாம் வரிசையா அடுக்கி இருக்கு, பேர் எழுதி. பிளாஸ்க்குல எனக்குக் கோப்பி. எல்லாம் எப்பவும் போல. ஆளைக் காணோம். கோயிலுக்குப் போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டேன்.

இதே ரோடு. இதே மாதிரி ஜாம். எனக்குப் பக்கத்து வரிசையில ஒரு நீல வேன் வந்து நின்னுச்சு. உள்ள ஒரே சிரிப்பு, பாட்டு. ஊதா டீசட்டை, ஊதா டீசட்டை, எல்லாம் ஊதா. மூணாவது ஜன்னல்ல ஒருத்தி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, தலையில தொப்பி வச்சுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டு இருக்கா. நானும் பாத்தேன். யாரோன்னுதான் பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், அந்தக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா பாரு, அப்பத்தான் தெரிஞ்சுச்சு. என் வீட்டுக்காரி!

பாஸ்போட் எப்ப எடுத்தா? யாரைக் கேட்டு எடுத்தா? பின்னால ரொம்ப நாள் கழிச்சுக் கேட்டேன், 'உனக்கு யாரு கையெழுத்துப் போட்டா?'ன்னு. 'எனக்கு அம்பத்து மூணு வயசாகுது, யார் கையெழுத்துப் போடணும்?'னா. பஸ் ஏறித் தனியாப் போய் எடுத்திருக்கா. என்கிட்ட சொல்லல. ஏன் இத்தனை வருசமா நான் கூட்டிட்டுப் போகலைன்னு கேட்கிறியா? அவ கேட்டதில்லையேம்மா! கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். அவ வந்துட்டா பொட்டலம் யாரு கட்டுறது, வீட்டை யாரு பாக்கிறது? தவிர, வேன்ல ஒரு சீட்டுப் போச்சுன்னா போச்சு. யாவாரம்னு ஒண்ணு இருக்குல்ல.

அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. எல்லை தாண்டினதும் டானோக்ல நிறுத்திப் பொட்டலம் குடுக்கணும். நிறுத்தல. ஹாட்யாய் போனா படுத்த புத்தருக்குத் திரும்பணும். திரும்பல. பின் சீட்டுலேருந்து பெருமாள் 'நாகப்பா, புத்தர் பின்னாலயே போயிட்டாரே'ங்கிறார். போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், என் வேன்ல வருசா வருசம் வர்ற ஆளு. 'பேசாம உக்காருங்க'ன்னு சொல்லிட்டேன். தேன் கடைப் பொண்ணு போன் மேல போன் போடுது. எடுக்கல. நீல வேன் எங்க போகுதோ அங்கதான் நான்.

நேரா சொங்க்லா கடற்கரை.

வண்டியை நிறுத்திட்டு இறங்கி நடந்தேன், மணல்ல செருப்பு புதையுது. பாய் வாடகைக்கு எடுத்து விரிச்சிருக்காங்க, சவுக்கு மரத்தடியில. பாதிப் பேரு படுத்திருக்காங்க. படுத்திருக்காங்கம்மா, பொது இடத்துல, காலை நீட்டிக்கிட்டு! ரெண்டு பேரு மண்ணுல கோட்டை கட்டுறாங்க, பேரன் பேத்தி எடுத்தவளுங்க. அந்தத் தனேஸ்வரி ஒரு தட்டு நிறைய சுட்ட சோத்தோங், கணவா மீனு, வாங்கிட்டு வந்து நீட்டுறா. என் சம்சாரம் எடுத்து வாயில போடுறா. வெள்ளிக்கிழமை! எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை முட்டைகூட வேகாது. காரத்துல 'ஸ்ஸ்'ன்னு ஊதிக்கிட்டு, இன்னொண்ணு எடுக்கிறா.

எனக்குத் தெரிஞ்சு அவ சாப்பிடும்போது நான் பாத்ததே இல்ல. எல்லாரும் சாப்பிட்டப்புறம் அடுப்படியிலயே முடிச்சிடுவா. அதை ஏன் இப்பச் சொல்றேன்? தெரியல. விடு.

அப்புறம் எந்திரிச்சு, பேண்டைச் சுருட்டிக்கிட்டு, முழங்கால் தண்ணிக்குள்ள போய் நின்னா. பேண்ட்! எங்க வச்சிருந்தா அதை? அலை வர்றப்ப எல்லாம் கத்துறா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. நான் போய் தண்ணி ஓரத்துல நின்னேன், இடுப்புல கையை வச்சுக்கிட்டு. என்னைப் பாத்துட்டா. இப்ப ஓடி வருவா, இல்லாட்டி பயந்து முழிப்பா, என்னத்தையாவது சொல்லிச் சமாளிப்பான்னு நிக்கிறேன். எனக்குப் பின்னால ஒருத்தி போன்ல அவளைப் படம் எடுத்துக்கிட்டு இருந்தா.

என் சம்சாரம் சொல்றா, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க.'

அவ்வளவுதான். தள்ளி நில்லுங்க. நான் தள்ளி நின்னேன்மா. வேற என்ன செய்ய? அத்தனை பொம்பளைங்க பாத்துக்கிட்டு இருக்காங்க.

இது போதாதுன்னு என் பாசஞ்சருங்க. ஆத்திரத்துல வேனைப் பூட்டாம வந்துட்டேன். எல்லாம் இறங்கிடுச்சு. பெருமாள் சிலுவாரை முழங்காலுக்கு மேல ஏத்திக்கிட்டுத் தண்ணியில நின்னு தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிக்கிறார். 'நாகப்பா, இத்தனை வருசம் உன்கூட வந்திருக்கேன், இங்க இப்படி ஒரு கடல் இருக்குன்னு இன்னிக்குத்தான்யா தெரியுது!' எனக்கு வந்துச்சு பாரு கோவம். பின்ன வருசா வருசம் கடல்கன்னிகிட்ட நிறுத்தினேனே, அது என்ன, காடா? போட்டோ எடுக்கப் பத்து நிமிசம் குடுக்கிறேனே! 'ஏறுங்க, புரோகிராம் இருக்கு'ன்னு கத்துறேன், ஒருத்தரும் அசையல. ஒரு ஆள் மணல்ல படுத்துத் தூங்கியே போயிட்டார். பொழுது சாஞ்சப்புறம் ஒவ்வொருத்தரா வந்து ஏறி, 'இந்த டிரிப் மாதிரி ஒரு டிரிப் வராது'ன்னு சொல்றாங்க. என்னைக் கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கும் அப்படித்தான் நெனக்கிறேன்.

அடுத்த டிரிப்புக்கு ஆள் கூப்பிட்டா, 'கடலுக்குப் போவீங்களா?'ன்னு கேட்கிறாங்க. முடியாது, புரோகிராம் புரோகிராம்தான்னேன். அந்தத் தனேஸ்வரி இப்ப ஆம்பளைங்களும் வரலாம்னு போர்டை மாத்திட்டாளாம். என் ஆளுங்களைக் கெடுத்துட்டா. வயித்துல அடிச்சுட்டா. பெருமாள் இந்தத் தடவை வரல. கேட்டா முட்டி வலியாம். முட்டி வலிக்கிற ஆளு அன்னிக்கு அலைக்கு அலை குதிச்சாரே!

சரி, அதை விடு. யாவாரம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். நான் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பேசல. பேசாம இருந்தா கேட்பா, அழுவான்னு பாத்தேன். அவ வழக்கம் போலச் சோறு போட்டா, துணி துவைச்சா, கோயிலுக்குப் போனா. நான் பேசாதது அவளுக்குத் தெரிஞ்சுச்சான்னே எனக்குத் தெரியல. கடைசியில நானேதான் வாயைத் திறந்தேன். 'அப்படி என்னத்தைத்தான் பாத்த அங்க?'

'கடல்'னா.

'அதான் என்ன இருக்குங்கிறேன் அதுல?'

'சும்மா இருந்துச்சு'ன்னா. திரும்பி வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சுட்டா. சும்மா இருந்துச்சாம். என்ன பதில் இது? அதுக்குமேல ஒரு வார்த்தை வாங்க முடியல. ஊர்க் கதை எல்லாம் பேசுவா, கோயில் கதை பேசுவா, அதை மட்டும் பேசமாட்டா. பெரிய புதையலைப் புதைச்சு வச்சிருக்கிற மாதிரி. அன்னிக்கு நான் பாத்த அந்த ஆளு இருக்காளே, தண்ணியில நின்னு கத்தினவ, அவளை மறுபடி வீட்டுல நான் பாக்கவே இல்லம்மா. எத்தனை நாள் பாத்தேன் தெரியுமா? டிவி பாக்கிற மாதிரி உக்காந்துக்கிட்டு அடுப்படியையே பாத்தேன். வரல.

அதுக்கப்புறம் லீவு விட்டா போதும், நீல வேன்ல கிளம்பிடுறா. அவ காசு, இடியப்பம் வித்துச் சேத்தது, நான் கேட்க முடியாது. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பொட்டலம் கட்டி அடுக்கி வச்சுட்டுத்தான் போறா. அதுல ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரியுது. கட்டாமப் போயிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

போன வாரம் நான் இறங்கி வந்தேன். ஆமா, நான்தான், நாகப்பன். எவனும் செய்யமாட்டான். 'சரி, அடுத்த வெள்ளிக்கிழமை என் வேன்ல வா'ன்னேன். 'முன் சீட்டு உனக்கு. காசு வேண்டாம். புத்தர் வேண்டாம், தேன் வேண்டாம். நேரா கடல். நாள் பூரா உக்காரு. யாவாரம் போனாப் போகுது'ன்னேன். பதினெட்டு வருச புரோகிராமைம்மா! அவளுக்காக மாத்தறேன்னேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்லணும்?

அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. கோவமாக்கூடச் சொல்லல. 'உங்க வேன்ல வந்தா, விடியறதுக்கு முன்னால அத்தனை பேருக்கும் சோறு கட்டிட்டு, அங்க வந்து அத்தனை பேருக்கும் நான்தானே பிரிச்சுக் குடுக்கணும்'னா. மடிச்ச துணியைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

என்னம்மா அப்படிப் பாக்கிற? நான் என்ன தப்பாவா கேட்டேன்? பொட்டலம் இல்லாம நாகப்பன் வேனா? அவ கட்டலைன்னா வேற யாரு கட்டுவா? ஆள் வச்சுக் கட்டினா அந்த ருசி வருமா? எவ்வளவு யோசிச்சுப் பாத்தேன் தெரியுமா, இன்னிக்குக் காலையில இருந்து ஓட்டிக்கிட்டே யோசிக்கிறேன். அவளைக் கூட்டிட்டும் போகணும், சோறும் இருக்கணும். ஒரு வழியும் தோணல.

உன் அடுத்த கேள்வி என்ன? யாரோட பயணம் போகப் பிடிக்கும். குடும்பம், சிநேகிதருங்க, தனியா. ம். என்கிட்ட யாரு இதெல்லாம் கேட்டா.

இந்தா, வண்டி நகருது. என் ஆளுங்க வர்றாங்க, நான் எடுக்கணும். நீ இறங்கிக்கோ. அந்தா, முன்னால நாலு வண்டி தள்ளி ஒரு நீல வேன் நிக்குது பாரு. ஆமா, அதுதான். ஓடு, அது நகர்றதுக்குள்ள போயிடலாம். மூணாவது ஜன்னல், தொப்பி வச்சிருப்பா. உன் கேள்வி எல்லாத்தையும் அவகிட்டக் கேளு. எங்க போகப் பிடிக்கும், என்ன சாப்பிடப் பிடிக்கும், யாரோட போகப் பிடிக்கும், ஒண்ணையும் விடாத. கேட்ட உடனே சொல்லமாட்டா, கொஞ்சம் பொறுத்திரு. அவ என்ன சொன்னாலும் அப்படியே தட்டிக்கோ. அப்புறம் இமிகிரேசன் வாசல்ல நான் நிப்பேன், வந்து எனக்கு வாசிச்சுக் காட்டு.

நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாத. சொன்னா ஒண்ணும் சொல்லமாட்டா.